அணு விஞ்ஞானிக்கு ஒரு பேனர்

விருத்தாசலம் பாலக்கரை முக்கில் அந்தப் பேனரை ஏற்றிக் கட்டியபோது கீழே நின்றவர்கள்: ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற ஆதிநாராயணன், அவர் மனைவி அம்புஜவல்லி, உரக்கடை வைத்திருக்கும் தம்பி கொளஞ்சிநாதன், பேனரை அச்சடித்துக் கொடுத்த டிஜிட்டல் கடை சக்கரபாணி, அவருடைய கடை ஆள் ஒருவர், பஸ்ஸுக்குக் காத்திருந்ததால் வேறு வழியில்லாமல் வேடிக்கை பார்த்த நாலைந்து பேர். யாரை வாழ்த்திப் பேனர் கட்டினார்களோ, கொளஞ்சிநாதனின் மகள் கயல்விழி, அவள் மட்டும் அங்கே இல்லை. சிதம்பரத்தில் ஹாஸ்டல் அறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். இப்படி ஒரு பேனர் ஏறுவது அவளுக்குத் தெரியாது.

அது இரண்டாயிரத்து ஏழாம் வருஷத்து மே மாதம். விருத்தாசலத்தில் காதுகுத்துக்கும் கருமாதிக்கும் பேனர் வைக்கிற அளவுக்கு அந்தக் கலை வளர்ந்திருந்தது. ஆதிநாராயணனின் கூட்டுக்குடும்பம் மட்டும் ஒரு பேனரும் இல்லாமல் மானத்தோடு வாழ்ந்து வந்தது. அவசியம் வரட்டும் என்று அவர் காத்திருந்தார். வந்தது.

பேனரின் இடப்பக்கம் கயல்விழி. கல்லூரி அடையாள அட்டையிலிருந்து எடுத்த படம், கண்கள் பாதி மூடியிருந்தன. வலப்பக்கம் ஆதிநாராயணன், வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கூப்பிய கைகள். அவர் படம் அவளுடையதைப் போல இரண்டு மடங்கு. 'அணு ஆராய்ச்சிக்குப் புறப்படும் எங்கள் குடும்பத்து இளம் விஞ்ஞானியை வாழ்த்தி வழியனுப்பும் பெரியப்பா' என்ற வரியில் 'பெரியப்பா' என்ற சொல்லை பஸ் டிரைவர்கள் கண்ணாடி இல்லாமலே படிக்கலாம். இரண்டு படங்களுக்கும் நடுவே ஒரு ராக்கெட் நெருப்பைக் கக்கிக்கொண்டு கிளம்பியது.

"அணுவுக்கு எதுக்குய்யா ராக்கெட்டு?" என்று ஆதிநாராயணன் கேட்டார்.

"கம்ப்யூட்டர்ல அணு படம் கெடைக்கலீங்க. இதுவும் சயின்ஸுதானே?" என்றார் சக்கரபாணி.

அது நியாயமாகப் பட்டது. கொளஞ்சிநாதன் மட்டும் மெதுவாக, "அண்ணே, பாப்பா இன்னும் மனுதான் போட்டிருக்குது. எடுத்துக்கிட்டாங்கன்னு சொல்லலயே," என்றார்.

ஆதிநாராயணன் தம்பியைப் பார்த்த பார்வையில் முப்பத்தைந்து வருஷ உத்தியோகம் இருந்தது. அவர் வேலை பார்த்த மங்களூர் ஒன்றியத்தில் அவர் மேசைக்கு வந்த மனுக்களில், முன்கூட்டியே பேசி முடிக்காமல் வந்தது ஒன்றுகூடக் கிடையாது. காரியம் முதலில் முடியும். மனு பிறகு வரும், கோப்பில் வைக்க. மனு போட்டாயிற்று என்றால் முடிந்தாயிற்று என்றுதான் அவர் அகராதியில் பொருள். எம்.எஸ்சி. பிசிக்ஸ் படிக்கிற பெண் ஒருத்தி, யாரையும் பார்க்காமல், யாரிடமும் பேசாமல், வெறுமனே விண்ணப்பம் எழுதித் தபாலில் போட்டுவிட்டுக் காத்திருப்பாள் என்பது அவர் கற்பனைக்கு எட்டாத அசட்டுத்தனம்.

மறுநாள் கயல்விழி சேத்தியாத்தோப்பு வழியாக வந்த பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து ஊருக்குள் நுழைந்தாள். பாலக்கரையில் பஸ் திரும்பியபோது தன் பாதிக்கண்ணைத் தானே பார்த்தாள். வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"பெரிப்பா, அந்தப் பேனரு..."

"நல்லா வந்திருக்குதுல்ல?"

"செலக்ஷனே ஆவல பெரிப்பா. இந்தியா பூரா இருந்து அப்ளை பண்ணியிருக்காங்க. லீவுல ஆறு வாரம் அணு நெலையத்துல வேல கத்துக்க ஒரு கை எண்ணிக்கைதான் எடுப்பாங்க."

"அந்தக் கையில நீ ஒரு வெரலு. போய்க் குளி."

அந்த வாரக் கடைசியில் முடிவு வந்தது. எடுத்துக்கொள்ளவில்லை. கயல்விழி ஒரு பொழுது அழுதாள், முகம் கழுவினாள், சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது ஒரு ஏற்பாட்டோடு வந்தாள். பீங்கான் தொழிற்பேட்டையில், மின்கம்பத்து உச்சியில் கம்பிக்கு அடியில் வெள்ளையாகக் குந்தியிருக்குமே, அந்தப் பீங்கான் இன்சுலேட்டர் செய்கிற கம்பெனியில் ஆறு வாரம் வேலை. அங்கே சில உருப்படிகள் மின்சாரம் ஏற்றிச் சோதிக்கும்போது வெடித்துவிடுகின்றன. ஏன் என்று கண்டுபிடித்து ரிப்போர்ட் எழுத வேண்டும். ரிப்போர்ட் உருப்படியாக இருந்தால் அவளுடைய புரொபசர் மேற்கொண்டு ஆராய்ச்சிப் படிப்புக்குச் சிபாரிசு செய்வார். ரிப்போர்ட் இல்லாவிட்டால் சிபாரிசு இல்லை.

"யாரு கம்பெனி?" என்றார் ஆதிநாராயணன்.

கயல்விழி பெரியம்மாவைப் பார்த்தாள். அம்புஜவல்லி கூரையைப் பார்த்தாள்.

"விருத்தகிரி மாமா கம்பெனி பெரிப்பா."

இந்த இடத்தில் யானையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விருத்தகிரியும் ஆதிநாராயணனும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஆதிநாராயணன் புது வீடு கட்டிக் குடிபோனபோது, விருத்தகிரி தன் கம்பெனியிலேயே, இன்சுலேட்டர் மண்ணிலேயே, ஒரு முழ உயரத்துக்கு வெள்ளை யானை சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்றாம் நாள் அதன் தும்பிக்கை கீழே கிடந்தது. வேண்டுமென்றே ஒட்டுப்போட்ட யானையைக் கொடுத்துப் புது வீட்டுக்கு அபசகுனம் செய்துவிட்டான் என்று ஆதிநாராயணன் தீர்ப்பெழுதினார். எதிர்த்தரப்பை விசாரிக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. யானை இன்னும் ஷோகேஸில்தான் இருந்தது, சுவரைப் பார்த்துத் திரும்பியபடி. வருகிறவர்களுக்குப் பின்புறத்தைக் காட்டினாலும் காட்டட்டும், மூக்கறுந்த முகத்தைக் காட்டக் கூடாது.

"பீங்கானுக்கும் பிசிக்ஸுக்கும் என்னாடி சம்பந்தம்? பிசிக்ஸ் படிச்சா ஒண்ணு டீச்சரு, இல்லாட்டி விஞ்ஞானி. நடுவுல என்னா இருக்குது?"

"நடுவுலதான் பெரிப்பா எல்லாம் இருக்குது. கரண்டு எதுல ஓடும், எதுல ஓடாது, ஓடாத சாமான் எப்பத் தோத்துப்போவும்... இதெல்லாம் பிசிக்ஸு இல்லாம பின்ன என்ன தமிழா? ஆஸ்பத்திரி ஸ்கேன் மிஷினுலேருந்து உங்க செல்லு வரைக்கும் யாரோ ஒருத்தரு இந்த மாதிரி எடத்துல ஒக்காந்து ஒடச்சு ஒடச்சுப் பாத்ததுதான்."

செல்போன் விஷயம் அவருக்குப் புதிது. ஆனால் அவர் மனம் பாலக்கரையில் காற்றில் ஆடிக்கொண்டிருந்த பேனரில் இருந்தது. அதைக் கழற்றினால் ஊர் கேட்கும். கழற்றாவிட்டால் பெண் அணு நிலையத்தில் இருந்தாக வேண்டும். நிர்வாகத்தில் இப்படிப்பட்ட சிக்கலுக்கு ஒரு வழி உண்டு: கோப்பில் ஒன்று, களத்தில் ஒன்று.

"சரி, போ. ஆனா ஊரப் பொறுத்தவரைக்கும் நீ அணு ஆராய்ச்சியில இருக்கற. நான் கொண்டுபோயி வுடறேன், நானே கூட்டியாறேன். மூஞ்சி வெளிய தெரியக் கூடாது."

"ஏங்க, அது என்னா கொலையா பண்ணிட்டு வந்திருக்குது?" என்றாள் அம்புஜவல்லி.

ஆக, விருத்தாசலத்திலேயே இருந்துகொண்டு விருத்தாசலத்தில் இல்லாத பெண் என்ற அதிசயம் நடந்தேறியது. தினம் காலையில், கயல்விழி துப்பட்டாவைத் தலையிலும் முகத்திலும் சுற்றிக்கொண்டு டி.வி.எஸ். ஃபிப்டியில் பின்னால் உட்காருவாள். கையில் விரித்த குடை. வண்டி கடைத்தெருவைத் தவிர்த்து, ரயில்வே லைன் ஓரமாக, முள்வேலிக்கும் சாக்கடைக்கும் நடுவே போகும். ஆதிநாராயணனின் கணக்குப்படி அவர்களை யாரும் பார்க்கவில்லை. உண்மையில், ஒரு ரிட்டயர்டு மேலாளர் வெயில் ஏறாத காலையில் விரித்த குடையோடு முள்ளுக்குள் வண்டி ஓட்டுவதை அந்தப் பக்கத்து ஜனங்கள் டீயை ஆறவைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

முதல் நாள் கம்பெனி வாசலில் விருத்தகிரி நின்றிருந்தார். அரைக்கை பனியன், முழங்கை வரை வெள்ளை மண்.

"கயலு, ஒங்க பெரியப்பாவ உள்ள வந்து ஒரு டீ சாப்புடச் சொல்லும்மா," என்றார். ஆதிநாராயணன் இரண்டு முழ தூரத்தில் நின்றிருந்தார்.

"எனக்கு டீ பழக்கம் இல்லன்னு சொல்லு," என்றார் ஆதிநாராயணன், சூளைப் புகைபோக்கியைப் பார்த்து.

"அவரு பழக்கம் எனக்குத் தெரியும்னு சொல்லும்மா. எட்டாவது படிக்கும்போதே ஸ்கூல வுட்டுட்டு டீக்கடையில கெடந்த ஆளு."

"கூட யாரு கெடந்தான்னு கேளு."

"நான்தான்னு சொல்லு."

கயல்விழி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருங்க, எனக்கு வேல கெடக்குது," என்று உள்ளே போய்விட்டாள். நடுவில் ஆள் இல்லாமல் போனதால் பேச்சு அறுந்தது. இருவரும் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார்கள். மழை வருகிற வானம் அல்ல அது. பிறகு ஆதிநாராயணன் வண்டியை உதைத்தார். அது கிளம்பவில்லை. விருத்தகிரி பின்னாலிருந்து தள்ளினார், ஒரு வார்த்தை பேசாமல். இவரும் நன்றி சொல்லவில்லை. கௌரவம் காப்பாற்றப்பட்டது.

கயல்விழியின் வேலை இதுதான்: வெடித்த இன்சுலேட்டர்களை உடைத்து, துண்டுகளைச் சிவப்புச் சாயத்தில் போட்டு, ஒரு கலத்தில் அடைத்து அழுத்தம் கொடுப்பாள். பிறகு எடுத்துத் துடைத்து, மறுபடியும் உடைத்து, சாயம் எவ்வளவு உள்ளே ஏறியிருக்கிறது என்று பார்ப்பாள். நன்றாக வெந்த பீங்கான் சாயத்தைக் குடிக்காது. வேகாதது குடிக்கும். குடித்தவை எல்லாம் சூளையில் எந்த இடத்தில் அடுக்கப்பட்டவை என்று படம் போட்டுப் பார்த்தாள். கொடுத்த கையுறை மெல்லியது. பீங்கான் சில்லு கிழித்துவிடும். பத்து நாளில் அவள் உள்ளங்கையும் விரல்களும் திட்டுத்திட்டாகச் சிவந்துவிட்டன. சோப்பு, சீயக்காய், எலுமிச்சை எதற்கும் அசையவில்லை.

"மருதாணின்னு சொல்லிக்கலாம்," என்றாள் அம்புஜவல்லி.

"யாரு கலியாணத்துக்குன்னு கேப்பாங்க," என்றார் ஆதிநாராயணன். "கைய மூடி வெச்சுக்கிட்டா போதும்."

ஒருநாள் சாப்பிடும்போது கயல்விழி பையிலிருந்து எதையோ எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். யானையின் தும்பிக்கை, இப்போது இரண்டு துண்டாக. ஷோகேஸில் இருந்ததை யாரையும் கேட்காமல் எடுத்துப்போயிருக்கிறாள்.

"பழகறதுக்கு ஒரு துண்டு வேணுமேன்னு இதையும் சாயத்துல போட்டேன் பெரிப்பா. உள்ள ஒரு சொட்டு ஏறல. நல்லா வெந்த பீங்கான். ஒட்டும் இல்ல, வெடிப்பும் இல்ல. தானா வுழ சான்ஸே இல்ல. மேலேருந்து கீழ வுழுந்து அடிபட்டுத்தான் ஒடஞ்சிருக்குது."

ஆதிநாராயணன் கையில் பிசைந்த சோற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அம்புஜவல்லி எழுந்தாள். "அடுப்புல ரசம் பொங்குது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ரசம் அவர் தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

குடிபோன மூன்றாம் நாள் ஷோகேஸைத் துடைத்தது யார் என்று இத்தனை வருஷமாக அவர் கேட்டதே இல்லை. இப்போதும் கேட்கவில்லை. ஒரு மேலாளர் தன் தீர்ப்பை மாற்றுவதென்றால் முறைப்படி மேல்முறையீடு வர வேண்டும். வரவில்லை. ஆனால் அன்று மோர் சாதத்துக்கு ஊறுகாய் கேட்க மறந்துவிட்டார்.

கயல்விழியின் ஆறு வாரம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது பேனர் தன் வேலையைக் காட்டியது. கொளஞ்சிநாதன் கடையிலிருந்து முகம் வெளுத்து வந்தார்.

"அண்ணே, சக்கரபாணி ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியறாரு. பாப்பாவுக்கு அணுக்கதிர் பட்டுடுச்சாம். கை ரெண்டும் வெந்துபோய் அங்கேருந்து திருப்பி அனுப்பிட்டாங்களாம். அதான் மூஞ்ச மூடி, குடையப் புடிச்சி, ஆஸ்பத்திரிக்கு ஒளிச்சி ஒளிச்சிக் கூட்டிக்கிட்டுப் போறீங்களாம்."

வதந்தியில் ஒவ்வொரு விவரமும் ஆதிநாராயணன் தன் கையால் எடுத்துக் கொடுத்தது. அணு அவருடையது, குடை அவருடையது, முள்ளுப் பாதை அவருடையது. சக்கரபாணி செய்ததெல்லாம் ராக்கெட்டைச் சேர்த்த மாதிரி இடைவெளியை நிரப்பியதுதான்.

"நாளையிலேருந்து கம்பெனிக்குப் போவ வேணாம்," என்றார்.

கயல்விழி கத்தவில்லை. "சூளக் கதவோரம் அடுக்குன லாட்டு மட்டும்தான் பாக்கி பெரிப்பா. அதுதான் முக்கியம். அதப் பாக்கலன்னா ரிப்போர்ட்டு பாதி. பாதி ரிப்போர்ட்ட சாரு தொடக்கூட மாட்டாரு. ஆராய்ச்சிப் படிப்பும் போச்சு."

"மானத்த வுடப் பெருசா?"

"யாரு மானம் பெரிப்பா?"

ஆதிநாராயணன் காலண்டரைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை சேத்தியாத்தோப்பில் பங்காளி காத்தவராயன் வீட்டுக் காதுகுத்து இருந்தது. அங்கே குடும்பத்தோடு தலைநிமிர்ந்து போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் பேச்சு அடங்கிவிடும், பிறகு மற்றதைப் பார்க்கலாம் என்று முடிவு செய்தார்.

மண்டபத்தில் பந்தி நடந்தது. ஆண்கள் ஒரு வரிசை, எதிரே பெண்கள் ஒரு வரிசை. கயல்விழி இடக்கையைத் துப்பட்டாவுக்குள் ஒளித்துக்கொள்ளலாம். சாப்பிடுகிற கையை எங்கே ஒளிப்பது? ஆதிநாராயணனின் வரிசைக் கோடியில் விருத்தகிரி உட்கார்ந்திருந்தார். காத்தவராயன் பரிமாறிக்கொண்டே வந்து குனிந்தார். ரகசியம் பேசுவதாக அவருக்கு நினைப்பு. மண்டபமே கேட்டது.

"அண்ணே, பொண்ணுக்குக் கதிர் பட்டுடுச்சாமே? நெசமா? இனிமே கலியாணம் காச்சின்னா கஷ்டந்தான்னு பேசிக்கிறாங்க. பக்கத்துல இருக்கறவங்களுக்கும் தொத்துமாமே?"

ஆதிநாராயணன் நிமிர்ந்து எதிர் வரிசையைப் பார்த்தார். கயல்விழிக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த மாரியம்மாள், தூரத்து உறவுக்காரி, தன் இலையை இரண்டு விரலால் பிடித்து, மெதுவாக, ஒரு சாண் தள்ளி நகர்த்திக்கொண்டாள். கயல்விழி சிவந்த விரல்களை மடக்கிக்கொண்டு இலையையே பார்த்திருந்தாள்.

அவர் தலைமுறையில் பந்தியில் பாதியில் எழுந்தவர் கிடையாது. எழுந்தார். கையில் சாம்பார் வழிந்தது.

"எல்லாரும் கேட்டுக்குங்க. எங்க பொண்ணு அணு நெலையத்துக்குப் போவவே இல்ல. மனு போட்டுச்சு, அவங்க எடுத்துக்கல. அதுக்குள்ள நான்தான் பேனரு கட்டிட்டேன். அஞ்சு வாரமா அது நம்ம விருத்தகிரி கம்பெனியில வேல பாக்குது. பீங்கான ஒடச்சி சாயத்துல போட்டுப் பாக்குற வேல. அந்தச் சாயந்தான் கையில. குடையும் முக்காடும் என் ஏற்பாடு." வரிசைக் கோடிக்குத் திரும்பினார். "விருத்தகிரி, அந்தச் சாயத்துக்குப் பேரு என்னாய்யா?"

விருத்தகிரி வாய் நிறையப் பாயசம் வைத்திருந்தார். இத்தனை வருஷம் கழித்து நடுவில் ஆள் இல்லாமல் வந்த முதல் கேள்வி. விழுங்கினார்.

"ஃபுக்சின்."

"தொத்துமா?"

"துணியில பட்டா போவாது. ஆளுக்கு ஒண்ணும் ஆவாது. என் கையப் பாரு." அவர் இடக்கையைத் தூக்கிக் காட்டினார். அதிலும் திட்டுத்திட்டாகச் சிவப்பு. பிறகு, குரலைக் கொஞ்சம் தணித்து, "அப்ப அந்த யான?" என்றார்.

"யான நல்ல யானதான். நாங்கதான் ஒடச்சிட்டோம்."

பெண்கள் வரிசையில் அம்புஜவல்லிக்குப் புரையேறியது.

"சரி, ஒக்காந்து சாப்புடு. அப்பளம் நமுத்துப்போவுது," என்றார் விருத்தகிரி.

மாரியம்மாள் இலையைப் பழைய இடத்துக்கே நகர்த்திவிட்டு, "கொஞ்சம் உப்பு எடு பாப்பா," என்றாள். கயல்விழி சிவந்த கையால் எடுத்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை அவள் கம்பெனிக்குச் சைக்கிளில் போனாள், கடைத்தெரு வழியாக, குடை இல்லாமல். கதவோரத்து லாட்டையும் உடைத்துப் பார்த்தாள். சாயத்தைக் குடித்தவை பெரும்பாலும் அதில்தான் இருந்தன; சூளைக் கதவோரம் சூடு போதவில்லை. ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு புரொபசர் சிபாரிசு எழுதினார். ஆராய்ச்சிப் படிப்புக்கு மனு போட்டிருக்கிறாள். மனுதான் போட்டிருக்கிறாள், இன்னும் தேர்வாகவில்லை. இந்த வித்தியாசத்தை ஆதிநாராயணன் இப்போது கேட்பவர்களுக்கெல்லாம் விளக்குகிறார், கேட்காதவர்களுக்கும். யானை நேராகத் திரும்பிவிட்டது. விருத்தகிரி புதுத் தும்பிக்கை செய்து ஒட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது கொஞ்சம் நீளமாக அமையும் போலிருக்கிறது.

கடைசியாக ஒன்று. பாலக்கரைப் பேனரை ஆதிநாராயணன் வெட்கம் தாங்காமல் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் வந்து கிழித்து எறிந்துவிட்டார் என்று சக்கரபாணி சொல்லித் திரிகிறார். தவறு. செவ்வாய்ச் சந்தை நாளில், பட்டப்பகலில், நாலு பக்கமும் பஸ் நிற்கும்போது, அவரே ஏணியில் ஏறி ஒவ்வொரு கயிறாக அவிழ்த்தார். கிழிக்கவில்லை. அது இப்போது கொளஞ்சிநாதன் கடையில் உர மூட்டைகள் நனையாமல் இருக்க மேலே போர்த்திக் கிடக்கிறது. ஏணியைப் பிடித்துக்கொண்டது விருத்தகிரி.